தொழில் அமைதி ஆய்வுக் குழு முசஃபாவுக்கு வந்த கதை

அபுதாபி முசஃபாவில் வேலை பார்க்கும் பொன்னுச்சாமிக்கு வேலைநிறுத்தம் என்ற சொல்லே ஆகாது. இரும்புச் சட்டங்களை வெட்டி ஒட்டும் திறந்தவெளி யார்டு ஒன்றில் அவர் ஃபோர்மேன். டூட்டி முடிந்து கேம்புக்கு வந்து, குளித்துவிட்டுச் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்காருவார். ஊரில் யாராவது பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற செய்தி வந்தால் போதும், சோறு இறங்காது. "சம்பளம் வாங்குறது வேலை பாக்கத்தானடா? உக்காருறதுக்கு எதுக்குடா சம்பளம்?" என்று டிவியைப் பார்த்துக் கேட்பார். ரூமில் இருக்கும் இளவட்டங்கள் யாராவது, "அவுகளுக்கும் என்ன கஷ்டமோண்ணே" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சிவகங்கைப் பக்கம் புளியங்கண்மாய் என்கிற அவருடைய ஊரில், அவர் வீட்டுக்குப் போகிற பாதையின் மேல் ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. மாசிக் காற்றில் கம்பம் சாய்ந்து, கை தூக்கினால் தொடுகிற உயரத்துக்குக் கம்பி இறங்கிவிட்டது. அதில் கரண்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் மனைவி தாமரை குடத்தோடு போக வேண்டும். மகள் விஜி சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து, பள்ளிக்கூடம் போக வேண்டும். தாமரை ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் பாதையின் இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கட்டியிருந்தாள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையில் அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கரண்டு ஆபீஸில் போய்க் கேட்டாள். கம்பத்தில் ஏற இரண்டு ஆள் வேண்டும் என்பது விதி. அந்த ஆபீஸில் ஒரு ஆள்தான் இருந்தார், இன்னொரு இடம் காலி. முன்பெல்லாம் அந்த ஒருவரே ஏறிவிடுவார். இப்போது மின் பணியாளர் ஒன்றுபட்ட பேரவை 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்டத்தை அறிவித்திருந்தது. காலியிடத்தை நிரப்பும்வரை ஒற்றை ஆளாக யாரும் ஏறக்கூடாது. லைன்மேன் நல்ல மனுசன். வந்து பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார், "பாத்துப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மாசி போய் ஆடி வந்தது. கம்பி அப்படியே தொங்கியது.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டுவேன் என்று சொன்னவர்தான் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. இரத்தினவேல். தேர்தல் நேரத்தில் மேடைக்கு மேடை முழங்கினார். "மக்களுக்கு அத்தியாவசியமான வேலையைச் செய்கிறவன் உட்கார்ந்தால் அவனை எழுப்பச் சட்டம் கொண்டு வருவோம். சங்கத்துக்கு அஞ்ச மாட்டோம். ஆட்சிக்கு வந்த நூறு நாளில்!" என்றார். அந்த வீடியோவை முசஃபா கேம்பில் பொன்னுச்சாமி எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். காட்டியதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் ஓட்டுப் போட வேண்டுமென்றால் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். பொன்னுச்சாமி லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து, ஊருக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று இரத்தினவேலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையோடு திரும்பி வந்தார். அந்த மையை ஒரு வாரம் சோப்புப் படாமல் காப்பாற்றினார்.

இரத்தினவேல் ஜெயித்தார். அவர் கட்சியும் ஜெயித்தது. சொன்னபடி மசோதாவும் வந்தது. காலையில் அதைச் சட்டசபையில் வைத்தார்கள். மத்தியானம் மின் பணியாளர் பேரவைக்காரர்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் மசோதாவை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். பயந்து பின்வாங்கிவிட்டீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு, "பின்வாங்கவில்லை. முன்னோக்கித்தான் போகிறோம், வேறு திசையில்" என்று இரத்தினவேல் பதில் சொன்னார்.

அந்தக் குழுவுக்குத் 'தொழில் அமைதி ஆய்வுக் குழு' என்று பெயர். தலைவர் இரத்தினவேல்தான். அவரோடு இரண்டு உறுப்பினர்கள். பிரச்சினையைக் குளிர்ந்த மனநிலையில் ஆராய வேண்டும் என்பதால் குழு முதலில் மலைப்பிரதேசம் போனது. அங்கே மசோதாவில் ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டது. அடுத்து, தொழிற்சங்கமே இல்லாத நாட்டில் வேலை எப்படித்தான் நடக்கிறது என்று கண்ணால் காண வளைகுடாவுக்குப் புறப்பட்டது. எதிர்த்தரப்பையும் கேட்பதுதான் ஜனநாயகம் என்பதால் மின் பணியாளர் பேரவையின் பொதுச்செயலாளர் சரவணகுமாரையும் அரசுச் செலவில் கூடவே கூட்டிக்கொண்டார்கள். விமானத்தில் ஜன்னல் ஸீட் அவருக்குத்தான் என்று பேச்சுவார்த்தையில் முடிவாகியிருந்தது.

முசஃபாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை ராஜிக் பாய்தான் தமிழர் சங்கத்தின் செயலாளர். அவர் பொன்னுச்சாமியைத் தேடி யார்டுக்கே வந்தார்.

"அண்ணே, உங்க எம்.எல்.ஏ. வாராரு. உங்க யார்டைத்தான் பாக்கணுமாம். கம்பெனியில பேசியாச்சு. நீங்கதான் சுத்திக் காட்டணும்."

பொன்னுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாய், நேருல ஒரு வார்த்தை சொல்லிப்புட்டாப் போதும். அவருக்குத் தெரியாமத்தான் இருக்கு. தெரிஞ்சா விடுவாரா?"

"சொல்லுங்கண்ணே. ஆனா சால்வை இல்லாமக் கிட்டப் போக முடியாது."

உண்மைதான். வந்த விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்துவது தமிழர் சங்கத்தின் வழக்கம். போர்த்துகிற அந்த நேரத்தில்தான் போர்த்துகிறவன் வாய்க்குப் பக்கத்தில் விருந்தாளியின் காது வரும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் குறையை அந்த இடைவெளியில்தான் சொல்லி முடிப்பார்கள். பொன்னுச்சாமியும் ஒரு சால்வை வாங்கினார். சொல்ல வேண்டியதைச் சுருக்கி, ரூமில் கதவுக்குச் சால்வை போர்த்திப் போர்த்திச் சொல்லிப் பழகினார்.

ஓட்டல் ஹாலில் வரவேற்பு நடந்தது. முதல் சால்வை யாருக்கு என்பதில் சின்னத் தயக்கம் வந்தது. இரத்தினவேல் சரவணகுமாரைப் பார்த்தார். சரவணகுமார் பெருந்தன்மையாகத் தலையசைத்த பிறகுதான் இரத்தினவேல் கழுத்தை நீட்டினார். பொன்னுச்சாமியின் முறை வந்தது. சால்வையை விரித்து, காதோரம் குனிந்து, "ஐயா, நான் புளியங்கண்மாய். எங்க வீட்டுப் பாதையில கம்பி ஒண்ணு..." என்று தொடங்கினார்.

"கேமராவைப் பாருங்க தம்பி" என்றார் இரத்தினவேல்.

பார்த்தார். ஃபிளாஷ் அடித்தது. பின்னால் நின்றவர் அடுத்த சால்வையோடு முட்டித் தள்ளிவிட்டார்.

பிறகு இரத்தினவேல் பேசினார். "எங்கள் கட்சிக்குக் கொள்கைதான் உயிர். அதனால்தான் அதைக் கண்ட இடத்தில் வெளியே எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். நான் யாருக்கும் அஞ்சாதவன்." இங்கே நிறுத்திச் சரவணகுமாரைப் பார்த்தார். அவர் சரி என்று கைகாட்டினார். "அஞ்சாதவன்! ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவன். அரசு ஊழியர் என்றால் வீட்டுக்கு நாலு ஓட்டு. நீங்களோ கடல் கடந்து வந்து உழைக்கிறீர்கள். ஓட்டு நாளில் இங்கேதான் இருப்பீர்கள். ஆகவே உங்களை நாங்கள் இதயத்தில் வைத்திருக்கிறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னுச்சாமியும் தட்டினார். பழக்க தோஷம்தான். தட்டி முடித்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. நான் ஊருக்கு வந்து போட்ட ஓட்டு எந்தக் கணக்கில் போனது என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

மறுநாள் காலையில் குழு யார்டுக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் வந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. உறுப்பினர் ஒருவர் தங்க விலையையும் ஆய்வு செய்ய விரும்பியதால் கடைத்தெருவிலேயே நேரம் போய்விட்டது. வேன் யார்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில்.

கோடை மாதங்களில் மத்தியான வெயில் நேரத்தில் திறந்தவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஒரு விசில் அடித்தால் வேலை நிற்கும், மூன்று மணிக்கு மறு விசில் அடித்தால் தொடங்கும். இடையில் ஆட்கள் நிழல்கூடாரத்தில் அட்டையை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பெங்காலி, பாகிஸ்தான் பட்டாணி, நேபாளி, தமிழர் என்று அத்தனை பேரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

வேனை விட்டு இறங்கிய இரத்தினவேல் அந்தக் காட்சியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டமாக ஆட்கள் கீழே கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருடைய பொது வாழ்க்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

"என்னங்க இது?" என்று சரவணகுமாரின் சட்டையைப் பிடித்தார். "இங்கயும் உங்க ஆளுகளா?"

"எங்களுக்கு இங்க கிளையே கிடையாதுங்க" என்ற சரவணகுமார், படுத்திருந்தவர்களை மரியாதையோடு பார்த்தார். "கொடி இல்ல, கோஷம் இல்ல, மைக்செட் இல்ல. ஒருத்தன் தலையத் தூக்கிப் பாக்குறானா பாருங்க! இப்பேர்ப்பட்ட கட்டுப்பாட்டை நான் கண்டதே இல்ல."

"ஐயா, இது வந்து..." என்று பொன்னுச்சாமி முன்னால் வந்தார்.

"நீ பேசாதே தம்பி. பதற்றத்தை உண்டாக்காதே" என்று அவரை ஒதுக்கிவிட்டு, இரத்தினவேல் கூடாரத்தின் முன்னால் போய் இரண்டு கைகளையும் கூப்பினார். "தோழர்களே! உங்கள் உணர்வுகளை அரசு மதிக்கிறது. பேசித் தீர்க்க முடியாத பிரச்சினை எதுவும் இல்லை. பேச்சுவார்த்தைக்கு வாருங்கள்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பெங்காலி ஒருத்தன் புரண்டு படுத்து அவருக்கு முதுகைக் காட்டினான்.

"அகவிலைப்படி உயர்த்தப்படும்!" என்றார் இரத்தினவேல்.

அசைவில்லை.

"பண்டிகை முன்பணம் இரட்டிப்பாக்கப்படும். பழைய ஓய்வூதியம் பரிசீலிக்கப்படும். சரி, பரிசீலனை இல்லை, வழங்கவே வழங்கப்படும்! வேலைநிறுத்த நாட்கள் பணி நாட்களாகக் கருதப்படும்!"

கூடாரத்தின் கோடியில் ஒரு பட்டாணி பலமாகக் குறட்டை விட்டான். சரவணகுமார் தலைவரின் காதில், "இறங்கி வர மாட்டேங்குறாங்க, இன்னும் குடுங்க" என்றார். இரத்தினவேல் வாரிசு வேலையைக் கொடுத்தார். வீட்டு மனை கொடுத்தார். முசஃபா வெல்டர்கள் அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சுற்றுலாப் பயணச் சலுகை அறிவித்தார். கடைசியில் வேர்வையில் வேட்டி நனைந்து, குரல் கம்மி, பொன்னுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் சால்வையில் கிடைக்காத காது இப்போது தானாக வந்து நின்றது.

"தம்பி, நீதானே இவங்களுக்கு மேஸ்திரி? இவங்க கோரிக்கைதான் என்ன? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இப்பவே, இந்த இடத்திலேயே முடிச்சுத் தர்றேன்."

பொன்னுச்சாமி வாயைத் திறந்தார். ஐயா, இது ஸ்ட்ரைக் இல்லை, ரெஸ்ட்டு என்று சொல்லத்தான் திறந்தார். வாழ்நாளில் பொய் சொல்லி ஒன்றைச் சாதித்த ஆள் இல்லை அவர். ஆனால் கண்ணுக்கு முன்னால் விஜி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"புளியங்கண்மாய்ல எங்க வீட்டுப் பாதையில ஒரு மின்கம்பி தொங்குதுங்கய்யா" என்றார். "அதை ஏத்திக் கட்டணும்."

இது என்ன கோரிக்கை, இதை எதற்கு ஒரு நேபாளி கேட்கிறான் என்றெல்லாம் இரத்தினவேல் யோசிக்கவில்லை. உட்கார்ந்தவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த நிர்வாகம். உடனே போனை எடுத்து ஊரில் பெரிய இன்ஜினியரைப் பிடித்தார். சரவணகுமாரும் போனை வாங்கி, பக்கத்து ஆபீஸ் ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு லைன்மேன் ஏறலாம், பேரவைக்கு ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். நாளைக் காலைக்குள் கம்பி மேலே போய்விடும் என்று பதில் வந்தது. மாசியிலிருந்து நடக்காத காரியம் ஒரு போனில் முடிந்தது. அந்த ஆளின் காலில் விழலாமா, கழுத்தைப் பிடிக்கலாமா என்று பொன்னுச்சாமிக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்று மணி விசில் அடித்தது.

படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். துண்டை உதறி, அட்டையை மடக்கி வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கியது. உறுப்பினர்கள் இருவரும், "அண்ணன் பேச்சுக்கு இங்கயும் மதிப்பு இருக்கு பாருங்க" என்று கை தட்டினார்கள். இரத்தினவேல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தேடினார்.

ராஜிக் பாய் அதுவரை வேன் டிரைவரோடு நின்றிருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா சார்? மத்தியானம் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு இங்க கானூன், சட்டம். அதான் படுத்திருந்தாங்க. விசிலடிச்சா கலாஸ், ரெஸ்ட்டு முடிஞ்சுது, எழுந்து போயிருவாங்க." பொன்னுச்சாமி அவர் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். பாய் கவனிக்கவில்லை.

"அப்போ இது ஸ்ட்ரைக் இல்லையா?" என்றார் இரத்தினவேல்.

"அல்லா! ஸ்ட்ரைக்கா? இந்த ஊர்ல அதெல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது சார்."

"இந்த ஓய்வை எந்தச் சங்கம் வாங்கிக் கொடுத்தது?" என்று சரவணகுமார் கேட்டார்.

"சங்கம் எங்க இருக்கு? அரசாங்கம் சட்டம் போட்டுச்சு. நடக்குது. மீறினா கம்பெனிக்கு ஃபைன்."

இரத்தினவேல் நம்ப முடியாமல் பார்த்தார். "சட்டம் போட்டாங்க, சரி. அது நடக்குதா? போட்டதே நடக்குதா?"

"ஆமா சார்."

"யாரும் வந்து உட்காராமலே?"

"ஆமா சார்."

சட்டம் இயற்றுவதற்கென்றே மக்கள் அனுப்பி வைத்த அந்த மனிதர், சட்டம் என்றால் இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகப் போனை எடுத்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"யோவ் இன்ஜினியரு, நான்தான். அந்தப் புளியங்கண்மாய்க் கம்பி. அது ஸ்ட்ரைக் இல்லையாம்யா. விடுங்க, விடுங்க."

பொன்னுச்சாமி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, கம்பி நெசமாத்தான் தொங்குது. எம்புள்ள தெனமும் அதுக்கடியிலதான் போகுது" என்றார்.

"புரியுது தம்பி. கொள்கை அளவில் பரிசீலிக்கிறோம்" என்று தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு இரத்தினவேல் வேனில் ஏறினார். சரவணகுமாருக்கு ஜன்னல் ஸீட். வேன் போன தூசியில் பொன்னுச்சாமி வெகுநேரம் நின்றார். விசிலடித்ததும் கையில் எடுத்திருந்த சுத்தியலை அவர் எறியவில்லை. எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டார்.

"தாமரை, நாளைக்குக் காலையில டவுன் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு விஜியையும் நாலு பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல போயி உக்காரு."

"ஏங்க, நீங்கதான் பேசுறீகளா?" என்று தாமரை கேட்டாள்.

"நாந்தான்."

"மறியல் பண்ற பயலுகளை எல்லாம் லத்தியால அடிக்கணும்னு சொல்லுவீகளே?"

"சொன்னேன். இப்ப உக்காருன்னு சொல்றேன். போலீஸ்காரக வந்து பேசுனாலும் எந்திரிக்காத. பெரிய ஆளு பேசுனாத்தான் எந்திரிக்கணும்."

உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது, பின்னால் மணல் லாரி நின்றது, அதற்குப் பின்னால் ஒரு கல்யாணக் கார் நின்றது. துபாயில் உயரமான கட்டடத்தின் உச்சியில் நின்று நகரமைப்பை ஆய்வு செய்துகொண்டிருந்த இரத்தினவேலுக்குப் போன் போனது. மறியல் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கேயே கை கூப்பினாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு ஆட்களும் ஏணியும் வந்து கம்பத்தை நிமிர்த்திக் கம்பியை ஏற்றிக் கட்டினார்கள். லைன்மேன் இறங்கி வந்து, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்லம்மா?" என்று தாமரையிடம் சொன்னாராம். கம்பியைச் சொன்னாரா, மறியலைச் சொன்னாரா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

குழு ஊர் திரும்பி அறிக்கை கொடுத்தது. வளைகுடாவில் சட்டங்கள் நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்றும், இது நமது மரபுக்கு ஒத்துவருமா என்று மேலும் ஆராய வேண்டும் என்றும், அதற்கு ஐரோப்பாவில் குளிர்ந்த நாடு ஏதாவது பொருத்தமாக இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. மசோதா பத்திரமாக இருக்கிறது.

கம்பி உயரத்தில் போவதை விஜி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மளிகைக்கடையில் ராஜிக் பாய் அதைப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லா! இப்ப சந்தோஷந்தானேண்ணே?" என்றார்.

"சந்தோஷந்தான் பாய். ஆனா வயிறு எரியுது. லீவு எடுத்து, டிக்கெட்டுப் போட்டு, வரிசையில நின்னு, ஒழுங்கா ஓட்டுப் போட்டுட்டு வந்தேன். அதுக்கு ஏறாத கம்பி, இவ போயி ரோட்டுல உக்காந்ததும் ஏறுது. ஒழுங்கா இருக்கிறவனை இவனுங்க மனுசனாவே பாக்க மாட்டானுங்களா? அப்ப எந்த மயித்துக்கு நான் ஓட்டுப் போட்டேன்?" என்று சத்தம் போட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அப்போது போன் அடித்தது. தாமரைதான். குரலில் ஒரு புதுத் தெம்பு இருந்தது.

"ஏங்க, தண்ணித் தொட்டிக்கு மோட்டாரு போடுற ஆளு பத்து நாளா வரலை. பொம்பளைக எல்லாம் தயாரா இருக்காக. எப்ப உக்காரலாம்?"

பொன்னுச்சாமி பல்லைக் கடித்தார். காலமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து யாரை வைதாரோ அவர்கள் எல்லாரும் ஒரு தரம் கண்முன் வந்து போனார்கள். பிறகு கடையின் மூலைக்குப் போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செவ்வாக்கிழமை வேணாம், சந்தை. சனங்களுக்குத் தொந்தரவாப் போகும். புதன்கிழமை உக்காருங்க" என்றார். சொல்லிவிட்டு, ராஜிக் பாய் காதில் விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்.